முன்னவர் மீது பழி போட்டால் பொறுப்பு தீருமா?

 

  

தக்வாவைக் கொண்டு எனக்கும் உங்களுக்கும் உபதேசித்தவனாக இந்த ஜும்ஆ உரையை ஆரம்பிக்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் நமது பெண்கள் பயான் முடிந்ததும், திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாய் ஒரு கேள்வி கேட்டார். மார்க்கச் சட்டம் கேட்பார், தலாக், ஜகாத் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது நாட்டைப் பற்றி.

"ஹஜ்ரத், நான் ஓட்டுப் போட ஆரம்பிச்சு முப்பத்தஞ்சு வருசம் ஆவுது. யாரு வந்தாலும் முன்னாடி இருந்தவங்க கெடுத்துட்டாங்கன்னுதான் சொல்றாங்க. எம் மருமவ வூட்டுக்கு வந்த ஒரு வாரத்துல கரண்டியக் கையில எடுத்தா. மாமியா அடுப்பக் கரி புடிக்க வச்சிருக்கான்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு நின்னா, அன்னைக்குச் சோறு வெந்திருக்குமா? ரெண்டு மவனும் வெளிநாட்டுல இருக்கான். வந்துரும்மான்னு கூப்புடுறான். இது எங்க நாடு, எங்க பாட்டன் பூட்டன் அடங்கியிருக்கிற மண்ணுன்னு நான் இங்கதான் இருக்கேன். நாட்ட நேசிக்கிறவ இதக் கேக்கக் கூடாதா? மார்க்கம் என்ன சொல்லுது ஹஜ்ரத்?"

நம் கூத்தாநல்லூரை 'சின்ன சிங்கப்பூர்' என்று அழைப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து போன ஊர் இது. பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் வசதியாக அங்கேயே போய் இருக்கக்கூடிய ஒரு தாய், 'இது எங்க நாடு' என்று சொல்லி இங்கே இருந்துகொண்டு கேட்கிற கேள்வி இது. இதற்கு அங்கே சுருக்கமாகப் பதில் சொன்னேன். இன்று விரிவாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

தாய் கேட்கலாமா?

சொந்த ஊரை நேசிப்பது ஈமானுக்கு முரணானதல்ல. மக்காவை விட்டு வெளியேறும் நாளில் நபி (ஸல்) அவர்கள் அந்த ஊரைப் பார்த்து, நீ எனக்கு எவ்வளவு பிரியமான ஊர், உன் மக்கள் என்னை வெளியேற்றியிருக்காவிட்டால் நான் போயிருக்க மாட்டேன் என்ற கருத்தில் பேசியதை இமாம் திர்மிதி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். ஊரை நேசித்தவருக்கு ஊரின் நிலையைப் பற்றிக் கேட்கும் உரிமையும் உண்டு.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் காலத்தில் கேட்டார்கள். ஓர் இரவு, மதீனாவுக்கு வெளியே, தமது பணியாளர் அஸ்லம் (ரஹ்) அவர்களுடன் கலீஃபா நடந்து போகிறார்கள். தூரத்தில் ஒரு நெருப்பு. பக்கத்தில் ஒரு பெண். சுற்றிலும் அழுகிற குழந்தைகள். அடுப்பில் ஒரு பானை. பானையில் வெறும் தண்ணீர்! பிள்ளைகள் சோறு வேகிறது என்று நம்பி அப்படியே உறங்கிப் போகட்டும் என்று அந்தத் தாய் அதை வைத்திருக்கிறார். வந்திருப்பவர் கலீஃபா என்பது தெரியாமலேயே, எங்களுக்கும் உமருக்கும் இடையே அல்லாஹ் இருக்கிறான் என்கிறார். உமருக்கு உங்கள் நிலை எப்படித் தெரியும் என்று கேட்டால், எங்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டு எங்களை மறந்திருப்பதா என்று திருப்பிக் கேட்கிறார்.

அந்த இடத்தில் உமர் (ரலி) எத்தனை காரணங்கள் சொல்லியிருக்கலாம்! ஆட்சி பரந்து கிடக்கிறது. ஒரு பக்கம் பாரசீகம், மறு பக்கம் ரோமாபுரி. நேற்று வரை இந்தப் பாலைவனத்தில் அரசு என்ற ஒன்றே இருக்கவில்லை. இவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் சொல்லவில்லை. திரும்பி நடந்தார்கள். கிடங்கிலிருந்து மாவு மூட்டையை எடுத்துத் தம் முதுகிலேயே ஏற்றினார்கள். நான் சுமக்கிறேன் என்று அஸ்லம் கேட்டபோது, மறுமையில் என் சுமையை நீ சுமப்பாயா என்றார்கள். தாமே அடுப்பை ஊதி, சமைத்து, பிள்ளைகள் உண்டு சிரிப்பதைப் பார்த்த பிறகே திரும்பினார்கள்.

ஒரு தாயின் குற்றச்சாட்டுக்கு ஆட்சியாளர் தந்த பதில், ஒரு மூட்டை மாவு.

இன்னொரு இரவு. ஒரு வணிகக் கூட்டம் மதீனாவில் வந்து தங்குகிறது. உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் காவல் இருக்கிறார்கள். ஒரு குழந்தை திரும்பத் திரும்ப அழுகிறது. ஏனம்மா இந்தப் பிள்ளைக்கு உறக்கமே இல்லை என்று கேட்டால், பால்குடியை மறக்க வைக்கிறேன், வயதுக்கு முன்பே மறக்க வைக்கிறேன், பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் உதவித்தொகை தருகிறார் என்கிறார் அந்தத் தாய். அன்று ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபா ஓதியதை மக்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அவ்வளவு அழுகை. தாம் போட்ட உத்தரவு எத்தனை பிள்ளைகளை வாட்டியிருக்குமோ என்று தம்மைத் தாமே நொந்துகொண்டார்கள். அன்றே அறிவிப்பு வந்தது: இனி பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு.

நம் நாட்டு வரலாற்றிலும் அப்படிப்பட்ட தாய் உண்டு. ஆபாதி பானு பேகம். 'பீ அம்மா' என்று நாடே அழைத்தது. மவ்லானா முஹம்மது அலி, ஷவ்கத் அலி சகோதரர்களைப் பெற்றவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப உறவினர் பணம் தர மறுத்தபோது, நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேய அரசு அந்த இரு மகன்களையும் சிந்த்வாராவில் காவலில் வைத்தது. 1917இல், நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டால் விடுதலை என்று ஓர் அதிகாரி காகிதத்தோடு வந்தபோது, அந்தத் தாய் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். என் பிள்ளைகள் மார்க்கத்துக்கும் நாட்டுக்கும் விரோதமாக ஒன்றை எழுதிக் கொடுத்து வெளியே வந்தால், இந்தச் சுருங்கிய கைகளாலேயே அவர்களின் கழுத்தை நெரிப்பேன் என்ற கருத்தில் சொன்னார். பிறகு ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசினார். 1924 நவம்பரில் வஃபாத்தானார்.

கவனியுங்கள்! பெற்ற பிள்ளைக்கே அந்தத் தாய் சலுகை தரவில்லை. அப்படியிருக்க, ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் ஒரு தாய் கணக்குக் கேட்பது எப்படித் தவறாகும்?

அல்லாஹ்விடம் இந்தச் சாக்கு செல்லாது

அல்குர்ஆனில் ஒரு வசனம், ஒரே அத்தியாயத்தில், சில வசனங்கள் இடைவெளியில், அப்படியே இரண்டு முறை வருகிறது. சூரத்துல் பகரா 134, பிறகு 141. அதன் கருத்து: அவர்கள் வாழ்ந்து சென்றுவிட்ட ஒரு சமுதாயம், அவர்கள் சம்பாதித்தது அவர்களுக்கு, நீங்கள் சம்பாதித்தது உங்களுக்கு, அவர்கள் செய்தவை பற்றி உங்களிடம் விசாரிக்கப்படாது.

இது எப்போது சொல்லப்பட்டது? எங்கள் பாட்டனார் நபிமார்கள் என்று பெருமை பேசியவர்களுக்குச் சொல்லப்பட்டது. முன்னோரின் நன்மையை உன் கணக்கில் எழுதாதே என்பது அதன் பொருள். அந்த வாசலை அடைக்கும்போதே மறு வாசலும் அடைபடுகிறது. முன்னோரின் நன்மை உனக்கு வராது என்றால், முன்னோரின் தீமையைக் காட்டி நீயும் தப்பிக்க முடியாது. 'எங்கள் தலைவரின் பொற்காலம்' என்பதும், 'அவர்களின் இருண்ட காலம்' என்பதும், உன் காலத்தில் நீ என்ன செய்தாய் என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

இந்தப் பழி போடும் பழக்கம் எங்கே போய் முடியும் என்பதையும் அல்லாஹ் காட்டுகிறான். சூரத்துல் அஃராஃப் 38ஆம் வசனம் நரகக் காட்சியைச் சொல்கிறது. ஒவ்வொரு கூட்டமும் உள்ளே நுழையும்போது தனக்கு முன் வந்த கூட்டத்தைச் சபிக்கும். பின்னால் வந்தவர்கள் முன்னவர்களைக் காட்டி, இவர்கள்தான் எங்களை வழி கெடுத்தார்கள், இவர்களுக்கு இரட்டிப்பு வேதனை கொடு என்பார்கள். ஒவ்வொருவருக்கும் இரட்டிப்புதான் என்று பதில் வரும். முன்னவரைச் சபித்தவருக்கு அங்கே ஒரு குறைப்பும் கிடைக்கவில்லை.

இந்தப் பழக்கத்தின் ஆரம்பம் எங்கே? அதே அத்தியாயத்தில் இருக்கிறது. இப்லீஸ் தவறு செய்தான்; நீதான் என்னை வழி கெடுத்தாய் என்று அல்லாஹ்விடமே பழியைப் போட்டான். ஆதம் (அலை) அவர்களும் ஹவ்வா (அலை) அவர்களும் சறுக்கினார்கள். ஷைத்தான் ஏமாற்றியது உண்மைதான். ஆனாலும் அவர்கள் ஷைத்தானைக் காட்டவில்லை. எங்களுக்கு நாங்களே அநீதி செய்துகொண்டோம் என்றார்கள். ஒருவன் விரட்டப்பட்டான். மற்றவர்கள் மன்னிக்கப்பட்டார்கள்.

நம் கண் முன்னால்

இனி அந்தத் தாய் சொன்னது உண்மையா என்று பார்ப்போம். எந்தக் கட்சியையும் தாங்குவதற்கோ தாக்குவதற்கோ இந்த மிம்பர் இல்லை. எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

2001இல் நம் மாநிலத்தில் ஆட்சி மாறியது. அஇஅதிமுக அரசின் நிதியமைச்சர் பொன்னையன் வெள்ளை அறிக்கை வைத்தார். கஜானாவை முந்தைய ஆட்சி காலி செய்துவிட்டது என்றார்கள். 20 வருடம் கழித்து, 2021இல் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 9ஆம் தேதி திமுக அரசின் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வைத்தார். ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாக அதில் கணக்குச் சொல்லப்பட்டது.

மக்களுக்குக் கணக்குக் காட்டியது நல்லதுதான். மறைப்பதைவிடக் காட்டுவது மேல். ஆனால் வட்டிக்கே அஞ்சி வாழ்கிற ஒரு தாய், தன் தலைமேல் இவ்வளவு கடன் என்று கேள்விப்பட்டதும், யார் வாங்கியது என்பதோடு நிறுத்த மாட்டார். யார் அடைப்பது, எப்போது அடைப்பது என்றும் கேட்பார். முதல் கேள்விக்கு ஒவ்வொரு ஆட்சியிலும் உடனே பதில் கிடைக்கிறது. இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

தில்லியிலும் இதே கதைதான். கச்சத்தீவு 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கைக்குப் போனது. 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் பிரதமரே அதை எடுத்து, அன்றைய காங்கிரஸ் அரசையும் மாநிலத்தில் ஆண்டவர்களையும் குற்றம் சாட்டினார். நீங்கள் ஆட்சிக்கு வந்து 10 வருடமாக என்ன செய்தீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 50 வருடப் பழைய காகிதத்தை வைத்து இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கும்போது, கடலுக்குப் போன மகன் பிடிபடாமல் கரை திரும்புவானா என்று நாகப்பட்டினத்திலும் இராமேஸ்வரத்திலும் தாய்மார்கள் காத்திருக்கிறார்கள்.

நம் காவிரிக்கு வருவோம். 1924இல் சென்னை மாகாணமும் மைசூரும் ஒப்பந்தம் செய்தன. 50 ஆண்டு கழித்து 1974 வந்தது. அப்போது யார் கோட்டை விட்டார் என்று இன்று வரைக்கும் மேடைதோறும் வழக்காடுகிறார்கள். அந்த வழக்காடலால் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீராவது கூடியதா? தலைமடையில் நிற்பவர் அடுத்தவரைக் கை காட்டலாம். கடைமடையில் நிற்பவருக்கு அந்தக் கையைப் பார்த்து நாற்று நட முடியாது.

தண்ணீருக்கு வழி எப்படிப் பிறந்தது தெரியுமா? 1983இல் நம் பக்கத்து ஊர் மன்னார்குடியைச் சேர்ந்த ரங்கநாதன் முன்னின்ற டெல்டா விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில் 1990 மே மாதம் உத்தரவு வந்தது. ஜூனில் நடுவர் மன்றம் அமைந்தது. 2007இல் இறுதித் தீர்ப்பு. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும். அதே ஆண்டு காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது. கிடைத்தது போதுமா என்பது வேறு பேச்சு. 2023இல் குறுவை காய்ந்ததையும் நாம் பார்த்தோம். ஆனால் கிடைத்த அளவுக்காவது கிடைத்தது, யாரோ சிலர் மேடையில் பழி சொல்வதை விட்டுவிட்டு, எத்தனை ஏக்கர், எத்தனை டி.எம்.சி., எந்த மாதம் எவ்வளவு என்று கணக்கோடு போய் நின்றதால்தான்.

முன்னவரின் கடனைத் தலையில் ஏற்றவர்கள்

நாற்காலியில் உட்காருபவர், நாற்காலியோடு சேர்த்து அதன் கடனையும் ஏற்க வேண்டும். இதைச் சொல்லில் அல்ல, செயலில் காட்டியவர்கள் நம் முன்னோர்கள்.

மதீனாவில் ஆரம்ப நாட்களில், கடன் வைத்து இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டால், கடனுக்கு வழி இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரிப்பார்கள். வழி இல்லை என்றால், நீங்கள் தொழவையுங்கள் என்று தோழர்களிடம் சொல்லிவிடுவார்கள். பிறகு அல்லாஹ் வெற்றிகளையும் செல்வத்தையும் கொடுத்தான். அப்போது என்ன அறிவித்தார்கள்? கடன் விட்டுச் சென்றவரின் கடன் என் பொறுப்பு. சொத்து விட்டுச் சென்றால் அது அவருடைய வாரிசுகளுக்கு. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. சொத்து எனக்கு, கடன் உனக்கு என்பது உலக வழக்கம். நாயகம் (ஸல்) அவர்கள் அதை அப்படியே திருப்பிப் போட்டார்கள்.

நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானார்கள். ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) பொறுப்பேற்றார்கள். பஹ்ரைனிலிருந்து பணம் வந்து சேர்ந்தது. உடனே அறிவிப்புச் செய்தார்கள்: நபியவர்கள் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால், வாக்குக் கொடுத்திருந்தால், அவர் என்னிடம் வரட்டும். ஜாபிர் (ரலி) வந்தார்கள். பஹ்ரைன் பணம் வந்தால் இவ்வளவு, இவ்வளவு, இவ்வளவு தருவேன் என்று நபியவர்கள் இரு கைகளையும் விரித்து மூன்று முறை சொன்னார்கள் என்றார்கள். அபூபக்கர் (ரலி) ஒரு முறை கை நிறைய அள்ளிக் கொடுத்து எண்ணச் சொன்னார்கள். 500 இருந்தது. இன்னும் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! அபூபக்கர் (ரலி) பதவியேற்ற நேரம் எப்படிப்பட்டது? கோத்திரங்கள் பல விலகிக்கொண்டிருந்தன. ஜகாத் தர மறுத்தார்கள். பொய் நபிகள் கிளம்பினார்கள். அந்த நெருக்கடியிலும், முன்னவர் தொடங்கிய உஸாமா (ரலி) அவர்களின் படையை நிறுத்தவில்லை. முன்னவர் கொடுத்த வாக்கை ரத்து செய்யவில்லை. இன்று ஆட்சி மாறினால் பழைய திட்டத்தின் பெயர்ப்பலகை முதலில் மாறுகிறது. கட்டிய கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. முன்னவருக்குப் பெயர் வந்துவிடும் என்ற பயம்! அந்தப் பூட்டின் விலையைக் கொடுப்பது மக்கள்.

அப்படியானால் பழைய தவறைப் பேசவே கூடாதா?

உங்களில் சிலர் கேட்கலாம்: முன்னவர் உண்மையிலேயே திருடியிருந்தால்? அதையும் மூடி மறைக்க வேண்டுமா?

இல்லை. மார்க்கம் இரண்டையும் பிரிக்கிறது. விசாரணை வேறு, சாக்கு வேறு.

யூசுஃப் (அலை) அவர்களைப் பாருங்கள். செய்யாத குற்றத்துக்குப் பல வருடம் சிறை. மன்னர் அழைத்தபோது உடனே வெளியே வரவில்லை. முதலில் அந்தப் பெண்களின் விவகாரத்தை விசாரியுங்கள் என்றார்கள். விசாரணை நடந்தது, உண்மை வெளிவந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு கஜானாவின் பொறுப்பைக் கேட்டு வாங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது திட்டம்: 7 வருடம் தொடர்ந்து பயிர் செய்யுங்கள், அறுத்ததைக் கதிரோடு சேமித்து வையுங்கள், உண்ணும் அளவுக்கு மட்டும் எடுங்கள், அடுத்த 7 வருடப் பஞ்சத்துக்கு அது உதவும். நெல்லைக் குதிரிலும் சேரிலும் கட்டிவைத்த பரம்பரையில் வந்த உங்களுக்கு அதன் அருமை தெரியும். தம்மைச் சிறையில் போட்ட அதே அரசில் அமர்ந்தார்கள். ஆனாலும் தம்மைச் சிறையில் வைத்தவர்களைப் பற்றிப் புலம்பியபடி கிடங்கின் சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஊர் சாப்பிட்டது. கிணற்றில் தள்ளிய சகோதரர்கள்கூட வந்து தானியம் வாங்கிப் போனார்கள். கடைசியில் அவர்களையும் மன்னித்தார்கள்.

அடுத்து உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்). ஹிஜ்ரி 99இல் கலீஃபாவானார்கள். அவர்களுக்கு முன் ஆண்டவர்கள் அவர்களின் சொந்தக் குடும்பத்தாரே. மக்களின் சொத்துகள் பல அநியாயமாகப் பறிக்கப்பட்டிருந்தன. அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கிருந்து ஆரம்பித்தார்கள்? தம் கையில் இருந்த நிலங்களிலிருந்து. பிறகு தம் மனைவி ஃபாத்திமா (ரஹ்) அவர்களின் நகையிலிருந்து. அந்த அம்மையார் கலீஃபா அப்துல் மலிக்கின் மகள். தந்தை கொடுத்த நகை அது. அதையும் பைத்துல் மாலில் சேர்த்தார்கள்.

முன்னவரின் தவறைத் திருத்துகிறாரா, அதைச் சாக்காக வைத்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க இதுவே அடையாளம். திருத்துபவர் தன் வீட்டிலிருந்து ஆரம்பிப்பார். சாக்குச் சொல்பவர் அடுத்தவர் வீட்டை விட்டு நகர மாட்டார்.

அவர்கள் ஆண்டது ஏறத்தாழ இரண்டரை வருடம்தான். நம் நாட்டில் ஓர் ஆட்சிக்குக் கிடைப்பது ஐந்து வருடம். அதில் பாதியில் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) செய்து முடித்ததை 1,300 வருடமாக உலகம் பேசுகிறது.

நம் பக்கம் திரும்புவோம்

அன்பானவர்களே! அரசியல்வாதிகளைப் பற்றிக் கேட்கும்போது தலையாட்டுவது எளிது. இப்போது நம்மைக் கேட்போம். நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், ஒவ்வொருவரிடமும் அவருடைய பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படும் என்ற ஹதீஸ் முதலமைச்சருக்கு மட்டும் வந்ததல்ல.

ஊர் ஊராக ஜமாஅத் நிர்வாகங்கள் மாறுகின்றன. புதிய நிர்வாகம் வந்ததும் முதல் பேச்சு என்ன? பழைய நிர்வாகத்தின் கணக்கு. இரண்டு வருடம் அதையே பேசி, மூன்றாம் வருடம் தேர்தல் வந்துவிடுகிறது. ஹவுளின் பாசி அப்படியே இருக்கிறது. வாடகை பாக்கி அப்படியே இருக்கிறது. மக்தபுக்கு உஸ்தாத் வரவில்லை.

வீட்டில்? என் அத்தா என்னைப் படிக்க வைக்கவில்லை என்று சொல்கிற தகப்பன், தன் மகன் பிளஸ் டூ முடித்ததும் விசாவுக்குப் பணம் கட்டுகிறார். தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007இல் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். சமுதாயத்தை எல்லா அரசும் புறக்கணித்தது என்று மேடையில் பேசுகிறோம். புறக்கணிப்பு நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திறந்திருக்கிற அந்த வாசலுக்கு உங்கள் பிள்ளையை அழைத்துப் போனீர்களா? அந்தக் கேள்வி முந்தைய அரசுக்கு அல்ல, உங்களுக்கு.

ஆகவே இந்த வாரம் நாம் செய்ய வேண்டியவை:

முதலாவது, ஓட்டுக் கேட்டு வருபவர் முன்னவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், மரியாதையாக நிறுத்தி, நீங்கள் என்ன செய்வீர்கள், எப்போது செய்வீர்கள் என்று கேளுங்கள். ஏசாதீர்கள், கத்தாதீர்கள். அந்தத் தாய் கேட்டதைப் போலக் கேளுங்கள். நம் பகுதி வாய்க்காலைத் தூர்வார எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று தெரிய வேண்டுமா? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு எழுதிக் கேட்கலாம். புறம் பேசுவது பாவம். முறையாகக் கணக்குக் கேட்பது கடமை.

இரண்டாவது, எந்தப் பொறுப்பை ஏற்றாலும், ஜமாஅத்தாக இருந்தாலும், சங்கமாக இருந்தாலும், கடையாக இருந்தாலும், முதல் நாளில் அபூபக்கர் (ரலி) செய்த அறிவிப்பைச் செய்யுங்கள்: முன்னவர் தர வேண்டிய பாக்கி என்ன, கொடுத்த வாக்கு என்ன? அதைத் தீர்த்துவிட்டு உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவது, மரணித்தவர்களை ஏசாதீர்கள். அவர்கள் தாம் முற்படுத்தியதை அடைந்துவிட்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கட்சிப் பற்றில், இறந்துபோன தலைவர்களை வாட்ஸ்அப்பில் கேலி செய்து அனுப்பும் வாலிபர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நான்காவது, தாய்மார்களே! உங்கள் பிள்ளை பரீட்சையில் தவறி, வாத்தியார் சரியில்லை என்று வந்து நிற்கும்போது, வாத்தியாரைப் பற்றிப் பிறகு பேசலாம், நீ என்ன செய்தாய் என்று முதலில் கேளுங்கள். நாளைக்கு நாட்டை ஆளப்போகிறவர் இன்று உங்கள் மடியில்தான் இருக்கிறார்.

நிறைவாக ஒன்று. உமய்யாக்களின் ஆட்சியில் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். ஜும்ஆ மிம்பரில் நின்று, முன்னால் ஆண்டு மறைந்த ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களை ஏசுவார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், மக்கள் முன்னிலையில், முன்னவர் மீது சாபம்! உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அதை நிறுத்தினார்கள். அந்த இடத்தில் சூரத்துந் நஹ்லின் 90ஆம் வசனத்தை ஓத வைத்தார்கள். நீதி செய்யவும், நன்மை செய்யவும், உறவினருக்குக் கொடுக்கவும் அல்லாஹ் ஏவுகிறான். மானக்கேடானவற்றையும் அக்கிரமத்தையும் தடுக்கிறான் என்ற வசனம் அது. இன்று வரை உலகெங்கும் பள்ளிவாசல்களில், நம் பள்ளியிலும், இரண்டாவது குத்பாவின் முடிவில் ஓதப்படுகிறதே, அதே வசனம்தான்.

பழி சொன்ன இடத்தில் நீதியை வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வெள்ளி அந்த வசனம் உங்கள் காதில் விழும்போது, இதை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, உங்கள் கையில் இருக்கிற பொறுப்பு எதுவோ, அதைப் பார்க்கப் போங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நாட்டை அமைதியும் வளமும் உள்ள நாடாக ஆக்குவாயாக! எங்களை ஆள்பவர்களுக்கு நீதியையும், ஏழைகள் மீது இரக்கத்தையும், செய்ததற்குப் பொறுப்பேற்கும் துணிவையும் கொடுப்பாயாக! எங்கள் ஆறுகளில் தண்ணீரையும், வயல்களில் விளைச்சலையும், எங்கள் வாலிபர்களின் கல்வியில் பரக்கத்தையும் தருவாயாக! கடல் கடந்து உழைக்கும் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! அவர்களை நினைத்துக் காத்திருக்கும் தாய்மார்களின் கண்களைக் குளிரச் செய்வாயாக! எங்கள் முன்னோர்களின் பிழைகளை மன்னிப்பாயாக! எங்கள் பிழைகளை நாங்களே உணர்ந்து திருந்தும் தவ்ஃபீக்கை எங்களுக்கு நஸீபாக்குவாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.